பாடத்தைச் சேர்ந்து எழுத ஓர் இடம் வேண்டும்: உயர்கல்வித் துறைக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உயர்கல்வித் துறை அதிகாரிகளுக்கும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தினருக்கும், பல்கலைக்கழகங்களில் இணையவழிப் பாடங்களுக்குப் பொறுப்பேற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

இணையவழிப் பாடங்களுக்கு வினா எழுதுவது, ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்குவது, மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பது என்று சில ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவன் நான். உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டு இதை எழுதுகிறேன். அடுத்த முறை இணையவழிப் பாடங்களுக்கு நிதி ஒதுக்கும்போது, பாடம் எழுதுவதற்கான மென்பொருளுக்கும் அதில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். பல ஊர்களில் இருக்கும் பலர் ஒரே பாடத்தைச் சேர்ந்து எழுதவும், திருத்தவும், தமிழ் ஆங்கிலம் இரண்டையும் ஒன்றோடொன்று கோத்து வைத்துக்கொள்ளவும் ஏற்ற ஒரு பொது மென்பொருள் நமக்கு வேண்டும். அது திறந்த மூலமாக, அதாவது நிரலை யாரும் பார்க்கவும் மாற்றிப் பயன்படுத்தவும் கூடியதாக, இருக்க வேண்டும்.

ஒளிப்பதிவுக் கூடம் கட்டப் பணம் கிடைக்கிறது. கேமரா, விளக்கு, பச்சைத் திரை எல்லாம் வந்துவிடுகின்றன. மாணவர் பார்க்கும் தளத்துக்கும் கைப்பேசிச் செயலிக்கும் டெண்டர் விடப்படுகிறது. பாடம் எழுதப்படும் இடத்தைப் பற்றி மட்டும் எந்த டெண்டரிலும் ஒரு வரி பார்த்ததில்லை. அந்த வேலை இன்றும் வேர்டு கோப்பிலும் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப் குழுவிலும்தான் நடக்கிறது. ‘அலகு 3 ஃபைனல்’, ‘அலகு 3 ஃபைனல் புதுசு’, ‘அலகு 3 சார் திருத்தியது’ என்று பெயர் போட்ட கோப்புகளில் எது உண்மையான கடைசிக் கோப்பு என்று கண்டுபிடிப்பதிலேயே ஒருங்கிணைப்பாளரின் பாதி நேரம் போய்விடுகிறது.

ஓர் இணையவழிப் பாடத்தை ஒருவர் தனியாக எழுதிவிட முடியாது. ஒன்றிய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் தொடங்கியது. அதில் வரும் பாடம் நான்கு பகுதிகளோடு அமைய வேண்டும்: காணொலி விரிவுரை, படிப்பதற்கான எழுத்துப் பாடம், ஐயம் கேட்கக் கலந்துரையாடல், தன்மதிப்பீட்டு வினாக்கள். இந்த நான்குக்கும் பின்னால் பாடப்பொருள் வல்லுநர், ஸ்கிரிப்ட் எழுதுபவர், படம் வரைபவர், வினா அமைப்பவர், மொழிபெயர்ப்பவர், மெய்ப்புப் பார்ப்பவர், மதிப்பாய்வாளர் என்று ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒருவர் திருநெல்வேலியில், ஒருவர் சேலத்தில், இன்னொருவர் சென்னையில். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைகள், ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படித்து கிரெடிட் பெற இடம் தருகின்றன. ஆகவே இப்படிப்பட்ட பாடத்தில் தங்கிவிடும் ஒரு பிழை நேராக மாணவரின் மதிப்பெண் பட்டியல் வரைக்கும் போகிறது.

நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்துக்காக இரு மொழியில் தயாரான அடிப்படை மின்னியல் பாடம். அதில் ஒரு கொள்குறி வினா: 6 ஓம் மின்தடை இரண்டைத் தொடரிணைப்பில் இணைத்தால் மொத்த மின்தடை எவ்வளவு? விடை 12 ஓம். ஆங்கிலப் பகுதியைச் சரிபார்த்த ஆசிரியர், தொடரிணைப்புக் கணக்குகள் அந்த அலகில் ஏற்கெனவே நிறைய இருப்பதைக் கவனித்து, இதைப் பக்க இணைப்பாக மாற்றினார். விடை 3 ஓம் ஆயிற்று. நல்ல திருத்தம். விடைக்குறிப்பையும் மறக்காமல் மாற்றினார். ஆனால் விடைக்குறிப்பு இரு மொழிக்கும் பொது. தமிழ் வினா வேறொரு கோப்பாக, மொழிபெயர்த்தவரின் கணினியிலிருந்து எப்போதோ தளத்துக்கு ஏறிவிட்டது. அதில் தொடரிணைப்பு என்றே இருந்தது.

தமிழில் படித்த பிள்ளைகள் 12 ஓம் என்று சரியாகவே போட்டார்கள். தளம் ‘தவறு’ என்றது. ஒரு மாணவி தன் நோட்டில் போட்ட கணக்கைப் படமெடுத்துக் கலந்துரையாடல் பகுதியில் ஏற்றி, “எந்த ஸ்டெப்பில் தப்பு செய்தேன் என்று சொல்லுங்கள் சார்” என்று கேட்டிருந்தார். அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஆங்கிலத்தைத் திருத்தியவர் பேரிலும் தப்பில்லை, மொழிபெயர்த்தவர் பேரிலும் இல்லை. ஒருவர் செய்த மாற்றம் மற்றவருக்குத் தெரிவதற்கு அங்கே வழியே இருக்கவில்லை. தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளை, கேட்கக்கூட மாட்டாமல், தனக்குக் கணக்கு வரவில்லை என்று முடிவு கட்டியிருக்கும். இந்த மடலை எழுத வைத்தது அந்த நினைப்புதான்.

இந்தச் சிக்கலுக்கு வேறொரு துறையில் நெடுநாளைக்கு முன்பே தீர்வு கண்டுவிட்டார்கள். விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளுக்கு மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு நீட்சி, அதாவது கூடுதலாக இணைத்துக்கொள்ளும் ஒரு நிரல், இருக்கிறது. ஒரு பக்கத்தை அது பத்தி பத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும். மொழிபெயர்ப்பு அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். மூலத்தில் ஒரு பத்தி மாறி, அந்த மாற்றம் மொழிபெயர்ப்புக்கு அனுப்பப்பட்டால், எல்லா மொழிகளிலும் அந்தப் பத்தி மட்டும் ‘பழையது’ என்று குறிக்கப்படும். மொழிபெயர்ப்பாளர் திறந்து பார்த்தால் மூலத்தில் எந்தச் சொல் போய் எந்தச் சொல் வந்தது என்பது பக்கத்திலேயே தெரியும். தமிழ் விக்கியர்கள் ஊதியம் வாங்காமல் பல ஆண்டுகளாக இந்த முறையில் வேலை செய்கிறார்கள். பொதுப்பணத்தில் தயாராகும் பாடங்களுக்கு அந்த வசதி இல்லாதது வருத்தமான விஷயம்.

இப்போதுள்ள பாடத் தளங்களில் இது ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். அவை முதலில் ஓர் ஆசிரியர் தன் வகுப்புக்குப் பாடம் ஏற்றுவதை மனத்தில் வைத்து வளர்ந்தவை. நம் கல்லூரிகள் பலவற்றில் ஓடிக்கொண்டிருக்கும் மூடுலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கிய மென்பொருள் அது. முதல் பதிப்பு 2002-இல் வந்தது. வினா வங்கியில் ஒரு வினாவைத் திருத்தினால் பழைய வடிவமும் பதிப்பு வாரியாகக் காக்கப்படும் என்ற ஏற்பாடு 2022-இல் வந்த 4.0 பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவரை திருத்தினால் பழையது போய்விடும். ஹார்வர்டும் எம்ஐடியும் 2012-இல் தொடங்கிய இணையப் பாடத் தளமான எடெக்ஸின் மென்பொருள், 2013-இல் ஓபன் எடெக்ஸ் என்று திறந்த மூலமானது. அதில் பாடம் அமைக்கும் பகுதிக்கு ஸ்டூடியோ என்று பெயர். ஒரு பாடத்தில் பல ஆசிரியர்களைச் சேர்க்கலாம். ஆனால் இருவர் ஒரே பகுதியை ஒரே நேரத்தில் திறந்து எழுதினால், கடைசியாகச் சேமித்தவருடையதுதான் நிற்கும்.

இந்த மென்பொருள்களைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இவை இல்லாவிட்டால் நம்மிடம் ஒன்றுமே இருந்திருக்காது. ஓபன் எடெக்ஸின் புதிய நூலக வசதியில் நல்லதொரு மாற்றமும் வந்திருக்கிறது. பொது நூலகத்தில் இருக்கும் ஒரு வினாவோ பாடப் பகுதியோ திருத்தப்பட்டால், அதை எடுத்துப் பயன்படுத்தும் பாடங்களுக்கு ‘மூலம் மாறியிருக்கிறது’ என்ற செய்தி போகும். பாட ஆசிரியர் பார்த்து ஏற்கலாம், விட்டுவிடலாம். இதே எண்ணத்தை மொழிகளுக்கு நடுவிலும் கொண்டுவந்தால் நாம் கேட்பதில் பாதி கிடைத்துவிடும்.

எனவே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. ஒரே எழுத்தைப் பலர் ஒரே நேரத்தில் திருத்தினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989-இலேயே ஒரு வழி சொன்னார்கள். ஒருவர் செய்த மாற்றத்தை மற்றவர் செய்த மாற்றத்துக்கு ஏற்ப இடம் நகர்த்திப் பொருத்துவது அந்த முறை. கூகுள் டாக்ஸ் அந்த வழியில் வந்ததுதான். மார்க் ஷபீரோவும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் இன்னொரு வழியை முறைப்படுத்தி எழுதினார்கள். அதில் ஒவ்வொருவர் கணினியிலும் முழுப் படி ஒன்று இருக்கும். இணைப்பு இல்லாதபோது செய்த மாற்றங்கள், இணைப்பு வந்ததும் எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் எல்லாருக்கும் ஒரே முடிவைத் தரும். இதைச் செய்யும் ஒய்ஜேஎஸ், ஆட்டோமெர்ஜ் போன்ற ஆயத்த நிரல் தொகுப்புகள் திறந்த மூலமாகவே கிடைக்கின்றன. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் நம் ஊருக்குப் பொருந்தும் என்று படுகிறது. மலையடிவாரக் கல்லூரியில் வேலை பார்க்கும் ஆசிரியர் இரவில் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறார். சிக்னல் வரும், போகும். எழுதிய இரண்டு பக்கம் ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்ற ஒரு வரியோடு காணாமல் போனால், அடுத்த நாள் அவர் வேர்டு கோப்புக்குத் திரும்பிவிடுவார். பிறகு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் வர மாட்டார்.

இரண்டு பேருடைய கர்சரும் திரையில் ஓடுவது பார்க்க நன்றாக இருக்கும். டெண்டர் விளக்கக் கூட்டத்தில் கைதட்டல் வாங்கும். ஆனால் பாடம் எழுதுகிறவர்களுக்கு அது முதல் தேவையாக எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் நாங்கள் ஒரே நேரத்தில் எழுதுவதில்லை. ஒருவர் எழுதியதை வாரம் கழித்து இன்னொருவர் தொடுகிறோம். யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்ற வரலாறுதான் முதலில் வேண்டும். ‘ஏன்’ என்பதற்கு ஒரு வரி எழுத இடம் வேண்டும். அந்த மின்னியல் வினாவில் “தொடரிணைப்புக் கணக்குகள் அதிகம், ஆகவே பக்க இணைப்பாக்கினேன்” என்று ஒரு வரி இருந்து, அது மொழிபெயர்ப்பாளர் கண்ணில் பட்டிருந்தால் போதும். பாடம் சிறு சிறு துண்டுகளாகச் சேமிக்கப்பட வேண்டும்: ஒரு கருத்து, ஒரு படம், ஒரு வினா என்ற அளவில். 40 பக்க அலகு முழுவதும் ஒரே கோப்பாக இருந்தால் எதை யார் பார்த்து முடித்தார் என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது.

மதிப்பாய்வும் அந்தத் துண்டு அளவிலேயே நடக்க வேண்டும். இப்போது ஸ்கிரிப்ட் ஒருமுறை மேலோட்டமாகப் பார்க்கப்பட்டு, படப்பிடிப்பு முடிந்து, எடிட்டிங்கும் முடிந்த பிறகே மதிப்பாய்வாளர் கைக்கு முழுப் பாடமும் போகிறது. பந்தியில் பரிமாறி முடித்தபின் உப்பு பார்ப்பது போல அது. அவர் பிழை கண்டாலும் திரும்ப ஸ்டூடியோ நாள் கிடைக்காது, விரிவுரையாளருக்கு அதே சட்டை வேண்டும், செலவுக்குத் தலைப்பு இல்லை. கடைசியில் “பரவாயில்லை, அடுத்த பேட்ச்சுக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு துண்டும் ‘வரைவு’, ‘ஆய்வில்’, ‘ஏற்கப்பட்டது’ என்ற நிலைகளில் ஏதோ ஒன்றில் இருந்து, ஏற்கப்படாத ஸ்கிரிப்டுக்கு ஸ்டூடியோ நேரம் ஒதுக்க முடியாது என்று மென்பொருளே தடுத்தால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும்.

இனித் தமிழுக்கே உரிய சில தேவைகள். இவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து வாங்கும் மென்பொருளில் இவை தானாக வரா; டெண்டரில் எழுதினால்தான் வரும்.

நம் ஆசிரியர்களில் பலர் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் (யூனிகோடு) தமிழ் அனைத்து எழுத்துரு குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது 2010-இல். ஆனாலும் 20 ஆண்டு வகுப்புக் குறிப்புகள் பழைய எழுத்துருவில் இருக்கும்போது அவர்களை மட்டும் நொந்து பயனில்லை. அவற்றை எடுத்து ஒட்டினால், மென்பொருள் அது பழைய குறியாக்கம் என்று அறிந்து, அங்கேயே ஒருங்குறிக்கு மாற்றித் தர வேண்டும். மாற்றிக்கு வேறொரு தளத்துக்குப் போய் வரச் சொன்னால், அங்கே விடுபடும் எழுத்துகள்தான் பாடத்தில் பிழையாக வந்து நிற்கின்றன.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாதது. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறிகளாக, அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாக. திரையில் இரண்டும் ஒன்றே. எந்த விசைப்பலகையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து உள்ளே வேறுபடும். ஒருங்குறித் தரம் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது மென்பொருளை எழுதுபவர் பொறுப்பு. அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஓர் ஆசிரியர் பத்தியைத் திறந்து, ஒரு சொல்லை அழித்துவிட்டு அதே சொல்லை வேறொரு விசைப்பலகையில் மறுபடி அடித்தாலும், வரலாற்றில் ‘மாற்றப்பட்டது’ என்று பதிவாகும். மொழிபெயர்ப்பாளருக்கு ‘மூலம் மாறிவிட்டது’ என்று அழைப்பு போகும். அவர் வந்து பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. இப்படிச் சில முறை நடந்தால் உண்மையான அழைப்பையும் அவர் திறந்து பார்க்க மாட்டார்.

கல்லூரி அறிவிப்புகளில் நாள்தோறும் பார்க்கும் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்ற பெயரையே பாருங்கள். ஔகாரக் குறியோடு அடிப்பவர்கள் சிலர். ‘கெ’ அடித்து, பக்கத்தில் ளகரம் அடிப்பவர்கள் பலர். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைபடிப்பானுக்கோ இரண்டும் வெவ்வேறு சொல். இரண்டாவதை ‘கெளரவ’ என்றே எழுத்தெழுத்தாக வாசிக்கும். இந்த இரண்டாவது வகை ஒருங்குறிச் சமத்தில் அடங்காது. எழுதும்போதே மென்பொருள் சுட்டிக்காட்ட வேண்டும்.

கர்சர் நகர்வதிலும் கவனம் வேண்டும். ‘பள்ளி’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறி. இருவர் செய்த மாற்றங்களை இணைக்கும்போது மென்பொருள் குறி குறியாக இணைத்தால், ஒருவர் வைத்த புள்ளிக்கும் அதற்கு உரிய மெய்க்கும் நடுவே மற்றவர் சேர்த்த எழுத்து வந்து விழ இடமுண்டு. எழுத்து எழுத்தாக இணைக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் நிரலர்களுக்கு இது பெரிய வேலையில்லை. பின்னால் சொன்னால் பெரிய வேலை.

கலைச்சொல் பட்டியலும் பாடத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும். மூன்று பேர் எழுதும் பாடத்தில் ஒருவர் ‘மின்தடையாக்கி’ என்கிறார், மற்றவர் ‘மின்தடையம்’ என்கிறார், மூன்றாமவர் ‘ரெசிஸ்டர்’ என்கிறார். எதை வைத்துக்கொள்வது என்று குழு ஒருமுறை முடிவு செய்தால் எழுதும்போதே அது நினைவூட்டப்பட வேண்டும். அரசின் சொற்குவைத் தளத்தில் சொற்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அங்கிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். இலங்கைப் பாடநூல்களில் முடுக்கத்துக்கு ஆர்முடுகல் என்று வழங்குகிறார்கள். பட்டியல் தனியே இருந்தால், நம் பாடத்தை அங்குள்ள ஆசிரியர்கள் எடுத்து அவர்கள் சொற்களோடு பயன்படுத்தவும் முடியும்.

எழுதும் மென்பொருளைப் பார்வையற்ற ஆசிரியர்களும் பயன்படுத்த முடிய வேண்டும். நம் அரசுக் கல்லூரிகளில் அவர்கள் பாடம் நடத்துகிறார்கள், வினா அமைக்கிறார்கள். மாணவர் பார்க்கும் பக்கம் அணுகத்தக்கதா என்று இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறோம், நல்லது. ஆசிரியர் எழுதும் பக்கத்துக்கும் உலகளாவிய வலைத் தரக் கூட்டமைப்பு 2015-இலேயே தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. டெண்டரில் அதன் பெயரைக் குறிப்பிட்டாலே, இழுத்து விட்டால்தான் வேலை செய்யும், சுட்டி இல்லாமல் நகராது என்ற வகைத் திரைகளை நிறுவனங்கள் கொண்டுவர மாட்டா.

மென்பொருள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பரானியுக் 1999-இல் கனெக்சன்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். பாடத்தைச் சிறு துண்டுகளாக எழுதலாம், யாரும் எடுத்துத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், ஒவ்வொரு துண்டுக்கும் பதிப்பு வரலாறு உண்டு. இந்த மடலில் கேட்பதில் பலவும் அங்கே அன்றைக்கே இருந்தன. ஆனால் அதே குழுவினர் 2012-இல் ஓபன்ஸ்டாக்ஸ் பாடநூல்களைத் தொடங்கியபோது, ஊதியம் கொடுத்து எழுதச் செய்தார்கள், துறை அறிஞர்களைக் கொண்டு ஆய்வு செய்தார்கள், வாசகர் யாரும் பிழையைத் தெரிவிக்க வழி வைத்து, திருத்தங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார்கள். கதவைத் திறந்து வைத்தாலும், உள்ளே உட்கார்ந்து பொறுப்பாகப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் பாடம் தேறாது என்பதே எனக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம். ஒவ்வொரு பாடத்துக்கும் வெளியீட்டுக்குப் பிறகும் மூன்று ஆண்டுகளாவது ஒரு பதிப்பாசிரியருக்கு மதிப்பூதியம் வையுங்கள். பெரிய தொகையாக வேண்டியதில்லை. மாணவி கேட்கும் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உழைத்தவர் பெயர் பற்றியும் சொல்லியாக வேண்டும். வினா எழுதுவதிலும் மொழிபெயர்ப்பதிலும் பெரும்பகுதியைச் செய்வது கௌரவ விரிவுரையாளர்களும் ஆய்வு மாணவர்களும். வெளியீட்டில் அவர்கள் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் இணையவழிப் பாடத்துக்கு எழுதியவருக்கும் ஒருங்கிணைத்தவருக்கும் தனித்தனியே மதிப்பெண் தருகின்றன. ஆனால் இன்ன பகுதியை நான்தான் எழுதினேன் என்று காட்டச் சான்று வேண்டுமே! பதிப்பு வரலாறு இருந்தால் அதுவே சான்று. யாரிடமும் போய்க் கையெழுத்துக்காக நிற்க வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இளம் ஆசிரியர்கள் மென்பொருளைத் தேடி வருவார்கள் என்று நினைக்கிறேன்.

ஒப்பந்ததாரர் எதை ஒப்படைக்க வேண்டும் என்பதையும் மாற்றுங்கள். இன்று எம்பி4, பிடிஎஃப், ஸ்கார்ம் தொகுப்பு என்று வாங்கிக்கொள்கிறோம். ஸ்கார்ம் என்பது எந்தத் தளத்திலும் பாடம் ஓடுவதற்காக ஏற்பட்ட தரம், அதன் 1.2 பதிப்பு 2001-இல் வந்தது. அது ஓட்டுவதற்கான பொதி. அதைப் பிரித்துப் பாடத்தைத் திருத்துவது பெரும் பாடு. ஒரு படத்தில் அம்புக்குறி தலைகீழாக இருந்தால்கூட மூலக் கோப்பு வைத்திருக்கும் நிறுவனத்திடம்தான் போக வேண்டும். அது இடைப்பட்ட காலத்தில் மூடப்பட்டிருந்தால் படம் அப்படியே கிடக்கும். மூல எழுத்து, படங்களின் திருத்தத்தக்க வடிவம், காணொலியின் ஸ்கிரிப்ட், துணைத்தலைப்புக் கோப்பு எல்லாம் திறந்த வடிவத்தில் அரசின் கையில் இருக்க வேண்டும், திறந்த உரிமத்தில் வெளியாக வேண்டும். ஒன்றியத்தின் திறந்த கல்வி வளக் களஞ்சியத்தை 2013-இல் தொடங்கியபோது, பெயரைச் சொல்லி எவரும் எடுத்தாளலாம், மாற்றியதையும் அப்படியே பகிர வேண்டும் என்ற உரிமத்தை ஏற்றார்கள். அதையே நாமும் பின்பற்றலாம்.

இயந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே, இவ்வளவும் எதற்கு என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நானும் இயந்திர வரைவைப் பயன்படுத்துகிறேன், நேரம் மிச்சமாகிறது. ஆனால் அது தரும் வாக்கியம் சரளமாக இருப்பதால் பிழை சட்டென்று கண்ணில் படுவதில்லை. எது இயந்திரம் எழுதியது, எது மனிதர் பார்த்து ஏற்றது என்று துண்டு துண்டாகக் குறித்து வைக்க இடம் வேண்டும். அதற்கும் இதே மென்பொருள்தான் வேண்டியிருக்கிறது.

எப்படித் தொடங்கலாம்? ஒரேயடியாக எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் என்று அறிவிக்க வேண்டாம். இரு மொழியில் நடக்கும் பாடங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பாலிடெக்னிக் பாடம், ஒன்று கலை அறிவியல் கல்லூரிப் பாடம். மூடுல் அல்லது ஓபன் எடெக்ஸ் மேல் ஒரு நீட்சியாக எழுதச் சொல்லுங்கள். நிரலை முதல் வாரத்திலிருந்தே பொதுவெளியில் வையுங்கள், மூலத் திட்டத்துக்கும் திருப்பி அனுப்புங்கள். அப்படிச் செய்யாமல் நமக்கென்று தனியே வெட்டி எடுத்துக்கொண்டால், அடுத்த பதிப்பு வரும்போது நம்முடையது பின்தங்கி, இரண்டு ஆண்டில் யாரும் தொட முடியாததாகிவிடும். நிரலர்கள் ஒரு பருவம் முழுக்கப் பாடக் குழுவோடு உட்காரட்டும். தேவைகளைத் தீர்மானிக்கும் முதல் கூட்டத்துக்கு இயக்குநர்களையும் நிறுவனத்தாரையும் மட்டும் அழைக்காமல், மொழிபெயர்ப்பவர், வினா அமைப்பவர், மெய்ப்புப் பார்ப்பவர், பார்வையற்ற ஆசிரியர் ஒருவர், தமிழ்வழியில் இணையப் பாடம் படித்து முடித்த மாணவர் இருவர் ஆகியோரையும் அழையுங்கள். அவர்களுக்குப் பயணப்படி கொடுங்கள்.

அடுத்த நிதியாண்டுக்கான கருத்துருக்கள் எழுதப்படும் முன்பே இந்தக் கூட்டம் நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் குழுவில் இரு மொழியிலும் எழுதி முடித்த அலகுகள், வினா வங்கி, எங்களுக்குக் கிடைத்த பிழைப் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. சோதனை ஓட்டத்துக்கு அவற்றைத் தருகிறோம். வேலை நேரம் போக மாலைகளில் வந்து உட்காரவும் எங்களில் பலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
இணையவழிப் பாடக் குழுவில் பணியாற்றும் ஓர் ஆசிரியர்